மூன்று குழந்தைகள், ஒரே வண்ணத்தாள்

கேள்வி: திருவாரூர் மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் 11 ஆண்டுகளாக ஆசிரியையாக இருக்கிறேன். ஈராசிரியர் பள்ளி. நான்காம், ஐந்தாம் வகுப்புகள் என் பொறுப்பு. மொத்தம் 31 பிள்ளைகள். நான்காம் வகுப்பில் மூன்று பேர் மாற்றுத்திறன் கொண்டவர்கள். ஒரு சிறுமி காதொலிக் கருவி அணிந்து வருகிறாள். ஒரு சிறுவனுக்கு டவுன் சிண்ட்ரோம்; பிறவியிலேயே வளர்ச்சியும் கற்றலும் மெதுவாக இருக்கும் நிலை. இன்னொரு பையன் வாயால் கேட்டால் எல்லாம் சொல்வான்; ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்க வரவில்லை. மூவரையும் முதல் வரிசையில் உட்கார வைத்து, வண்ணம் தீட்டும் தாள்களைக் கொடுத்துவிட்டு மற்றவர்களுக்குப் பாடம் நடத்துகிறேன். வட்டார வள மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநர் புதன்கிழமைகளில் வருவார். சில வாரங்கள் அவரால் வர முடிவதில்லை. "இந்தப் பிள்ளைகளைச் சிறப்புப் பள்ளிக்கு அனுப்பினால் எங்கள் பிள்ளைகள் படிப்பார்களே" என்று ஒரு பெற்றோர் கேட்டார். சில நாள் எனக்கும் அப்படித் தோன்றுகிறது. தோன்றியதற்காக வெட்கமாகவும் இருக்கிறது. பட்டயப் படிப்பில் இது பற்றி ஒரு தாள் படித்ததோடு சரி. நான் எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திப் படிக்க வைத்தது அந்த வண்ணத்தாள்தான். ஒரு குழந்தைக்குக் காது கேட்கவில்லை. ஒரு குழந்தைக்குப் புதியதைப் பிடித்துக்கொள்ள நேரம் பிடிக்கிறது. ஒரு குழந்தைக்கு எழுத்து பிடிபடவில்லை. மூன்றும் மூன்று வேறு தடைகள். ஆனால் மூவர் கையிலும் ஒரே தாள். "மாற்றுத்திறன்" என்ற ஒற்றைச் சொல்லின் கீழ் மூவரும் வந்துவிட்டதால் இப்படி நேர்ந்திருக்கிறது. உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. 26 ஆண்டுகளாகச் சிறப்புக் கல்வியில் இருக்கும் நானும் தொடக்கத்தில் இதையேதான் செய்தேன். நீங்கள் கேட்ட "எங்கிருந்து" என்பதற்கு என் பதில் இதுதான்: குறைபாட்டின் பெயரிலிருந்து தொடங்காதீர்கள். பாடம் உங்கள் வாயிலிருந்து புறப்பட்டுக் குழந்தையிடம் போய்ச் சேரும் வழியில் எந்த இடத்தில் நின்றுபோகிறது என்று பாருங்கள். அங்கிருந்து தொடங்குங்கள்.

முதலில் அந்தச் சிறுமி. காதொலிக் கருவியைக் கண்ணாடி போல நினைத்துவிடுகிறோம். கண்ணாடி போட்டால் எழுத்து தெளிந்துவிடும். கருவி ஒலியைப் பெரிதாக்கும், அவ்வளவுதான். உங்கள் குரலோடு மின்விசிறிச் சத்தத்தையும், பெஞ்சு இழுபடும் சத்தத்தையும், ஐந்தாம் வகுப்பின் வாய்ப்பாட்டையும் சேர்த்துப் பெரிதாக்கும். பேசுகிறவர் ஓரிரு மீட்டருக்குள் இருந்தால்தான் அது நன்றாக வேலை செய்யும். அவளை முதல் வரிசையில் உட்கார வைத்தது நல்லது. ஆனால் நீங்கள் கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டே பேசினால் அவளுக்கு முதல் வரிசையும் கடைசி வரிசைதான். எழுதி முடியுங்கள், திரும்புங்கள், அவள் முகத்தைப் பார்த்த பிறகு பேசுங்கள். சன்னலுக்கு முதுகு காட்டி நிற்காதீர்கள். வெளிச்சம் பின்னால் இருந்தால் உங்கள் உதடு அவளுக்கு இருட்டாகத் தெரியும்.

உதட்டைப் பார்த்து எல்லாம் புரிந்துகொள்வாள் என்றும் நம்பிவிட வேண்டாம். கண்ணாடி முன் நின்று, குரல் எழுப்பாமல் "பாலை" என்று சொல்லிப் பாருங்கள். பிறகு "மாலை" என்று சொல்லுங்கள். உதடு இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் அசையும். "க", "ங" போன்றவை தொண்டைப் பக்கம் பிறப்பதால் உதட்டில் அநேகமாகத் தெரிவதே இல்லை. ஆகவே புதுப் பாடம் தொடங்கும்போது, அன்றைக்கு வரப்போகும் ஆறேழு சொற்களைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வைத்துவிடுங்கள். பேச்சு எந்தத் திசையில் போகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டால் உதட்டிலிருந்து பாதியையாவது பிடித்துக்கொள்வாள்.

தினமும் ஒரு நிமிடம் செலவிடுங்கள். காலை வழிபாட்டுக்கு முன், உங்கள் வாய் தெரியாதபடி அவளுக்குப் பின்னால் ஒரு மீட்டர் தள்ளி நின்று, சாதாரணக் குரலில் ஆ, ஈ, ஊ, ம், ஸ், ஷ் என்ற ஆறு ஒலிகளையும் வரிசை மாற்றி ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். கேட்டதைத் திருப்பிச் சொல்லவோ கையை உயர்த்தவோ பழக்குங்கள். லிங் என்ற அறிஞர் வகுத்த சோதனை இது. பேச்சில் வரும் தாழ்ந்த ஒலி முதல் உயர்ந்த ஒலி வரை இந்த ஆறுக்குள் அடங்கிவிடும். நேற்று கேட்ட "ஸ்" இன்று கேட்கவில்லை என்றால் கருவியில் ஏதோ கோளாறு. பொத்தான் அளவு பேட்டரி ஒன்றிரண்டு வாரங்களில் தீர்ந்துவிடக்கூடியது. காதுக்குள் பொருத்தும் அச்சில் அழுக்கு அடைத்திருக்கலாம். கருவி கீச்சிட்டால், குழந்தை வளர்ந்து அச்சு தளர்ந்துவிட்டது என்று பொருள்; புதிது எடுக்க வேண்டும். பேட்டரி தீர்ந்த கருவியை மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டு பள்ளிக்கு வந்த குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. அந்தக் குழந்தைகளுக்கு "கவனம் இல்லாதவர்கள்" என்ற பெயர் மட்டும் கிடைத்திருந்தது.

அவளுடைய எழுத்தையும் ஒருமுறை கூர்ந்து பாருங்கள். "நான் நேற்று வீடு போ" என்பது போல எழுதுகிறாளா? தமிழில் பொருளைத் தாங்குவது சொல்லின் வால். வீட்டை, வீட்டுக்கு, வீட்டில். வந்தான், வந்தாள், வந்தார்கள். பேச்சில் அந்த வால்தான் மெலிந்து ஒலிக்கும். காது மந்தமான குழந்தைக்கு முதலில் தொலைந்துபோவதும் அதுதான். அறிவுக் குறைவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கேட்காததை எப்படி எழுதுவாள்? வேற்றுமை உருபுகளையும் வினையின் ஈறுகளையும் வண்ணச் சாக்பீஸால் எழுதுங்கள். கண்ணால் பார்த்து அவள் பிடித்துக்கொள்ளட்டும்.

அடுத்து, எழுத்துக் கூட்டத் திணறும் பையன். மூவரில் நான் அதிகம் கவலைப்படுவது இவனைப் பற்றித்தான். மற்ற இருவருக்கும் சிரமம் இருப்பது பார்த்தாலே தெரியும், இவனுக்கு இருப்பது வெளியே தெரியாது. அதனால் "சோம்பேறி", "விளையாட்டுப் புத்தி" என்ற பட்டங்கள் வந்து ஒட்டிக்கொள்ளும். 1995-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள் மட்டுமே இருந்தன. இவனுடையது அதில் இல்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் பட்டியலை 21 ஆக்கியபோதுதான் "குறிப்பிட்ட கற்றல் குறைபாடு", அதாவது படிப்பதிலோ எழுதுவதிலோ கணக்கிலோ மட்டும் தடை இருக்கும் நிலை, அதற்குள் வந்தது. மூன்றாம் வகுப்பிலோ எட்டு வயதிலோ பள்ளியே முதற்கட்டமாகச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது விதிமுறை. உங்கள் மாணவன் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டான். முதலில் கண்ணையும் காதையும் பரிசோதிக்கச் செய்யுங்கள். அவை சரியாக இருந்தால் வட்டார வள மையம் வழியாக உளவியல் மதிப்பீட்டுக்கு அனுப்பச் சொல்லி எழுத்து மூலமாகக் கேளுங்கள். சான்று கிடைத்தால் பின்னால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்கு போன்ற சலுகைகளுக்கு வழி பிறக்கும். சான்று வரும்வரை கற்பிக்கக் காத்திருக்க வேண்டியதில்லை.

நம் எழுத்து இவனை எங்கே தடுக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். "கெ" என்று உச்சரிக்கும்போது க் முன்னால் வருகிறது, எ பின்னால் வருகிறது. எழுதும்போது கொம்பு முன்னால் வந்து நிற்கிறது. "கொ"வில் கொம்பு இடப்பக்கம், துணைக்கால் வலப்பக்கம், மெய் நடுவில். காதில் விழும் வரிசை ஒன்று, கண்ணில் படும் வரிசை வேறு. போதாததற்குத் துணைக்காலும் ரகரமும் இரட்டைப் பிள்ளைகள். கௌகாரத்தின் பின்பாதி ளகரம் போலவே இருக்கும். "கல்", "தங்கம்", "பகல்" மூன்றிலும் ஒரே ககர வரிசை, மூன்று விதமான ஒலி. மற்ற பிள்ளைகள் இதையெல்லாம் கவனிக்காமலேயே தாண்டிப் போய்விடுகிறார்கள். இவனுக்கு ஒவ்வொன்றும் ஒரு வேலி.

ஆகவே 247 எழுத்து அட்டவணையை இவன் கண்ணிலிருந்து கொஞ்ச நாள் எடுத்துவிடுங்கள். ட, ப, ம என்று மூன்று எழுத்துகளை எடுத்து, படம், மடம், பட்டம், மட்டம் என்று அவற்றுக்குள்ளேயே சொற்களைக் கட்டுங்கள். ஒலியை முதலில் வாயால் பிரிக்கட்டும், பிறகு சேர்க்கட்டும், அதன்பின் மணலில் விரலால் எழுதட்டும். எழுதும்போதே வாய்விட்டுச் சொல்லட்டும். துணைக்கால் உறுதியான பிறகே கொம்பு. ஒற்றைக் கொம்பை நடத்தும் வாரத்தில் இரட்டைக் கொம்பின் பக்கம் போகவே வேண்டாம். நாளுக்குப் பதினைந்து நிமிடம் போதும். ஆனால் ஒருநாள் கூட விடக் கூடாது. முன்பே பழகிப் பார்க்காத பத்தியை வகுப்பு நடுவே எழுப்பி நிறுத்திப் படிக்கச் சொல்லாதீர்கள். இதை உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன். அந்த ஒரு நிமிட அவமானம் இருபது ஆண்டுகள் கழித்தும் ஆறாமல் இருப்பதை வளர்ந்த மனிதர்களிடம் கேட்டிருக்கிறேன். அறிவியலிலும் சமூக அறிவியலிலும் அவனுக்கு வாய்மொழித் தேர்வே வையுங்கள். தாவரத்தின் பாகங்கள் அவனுக்குத் தெரியுமா என்பதுதானே கேள்வி? அதை எழுதத் தெரியுமா என்பது தமிழ்ப் பாடவேளையின் கேள்வி.

டவுன் சிண்ட்ரோம் உள்ள சிறுவனுக்கு வருகிறேன். இங்கே என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். பணியில் சேர்ந்த புதிதில் இவனைப் போன்ற ஒரு சிறுமிக்கு எட்டு மாதம் மணிகளைக் கோத்து 20 வரை எண்ணக் கற்றுக்கொடுத்தேன். தட்டுத் தடுமாறாமல் எண்ணுவாள். எனக்கு ஒரே பெருமை. ஒருநாள் அவளுடைய அம்மா சொன்னார்: "டீச்சர், வீட்டில் நாலு பேருக்குத் தட்டு எடுத்து வை என்றால் இருக்கிற தட்டையெல்லாம் எடுத்து வைத்துவிடுகிறாள்." அவள் எண்ணியது மணிகளை மட்டும்தான், எண் அவளுக்குப் போய்ச் சேரவே இல்லை. மறுநாளிலிருந்து மணிகளை மூட்டை கட்டிவிட்டு, மதிய உணவு நேரத்தில் தட்டு வைக்கும் வேலையை அவளிடம் கொடுத்தேன். மூன்று பேருக்கு, பிறகு நான்கு பேருக்கு, பிறகு ஐந்து பேருக்கு. ஒரு மாதத்தில் அவள் கற்றது அந்த எட்டு மாதத்தில் கற்றதைவிட அதிகம். இவர்களுக்கு ஓரிடத்தில் கற்றதை இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவதுதான் கடினம். அதனால் எங்கே பயன்படப் போகிறதோ அங்கேயே கற்பிப்பது நல்லது.

டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளுக்குப் பொதுவாகக் காதால் கேட்டதை மனத்தில் நிறுத்துவதைவிடக் கண்ணால் கண்டதை நிறுத்துவது எளிது. பேசுவதைவிட அதிகம் புரிந்துகொள்வார்கள். பதில் வர நேரமாகும். கேள்வி கேட்டுவிட்டு மனத்துக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருங்கள். படிக்க வராது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எழுத்து எழுத்தாகக் கூட்ட முடியாத பல குழந்தைகள் முழுச் சொல்லைப் படம் போலப் பார்த்துப் படிக்கிறார்கள். அவன் பெயர், "அம்மா", "தண்ணீர்", "பஸ்" என்று தொடங்குங்கள். காதில் நீர் கோத்துக் கேள்திறன் குறைவது இவர்களுக்கு அடிக்கடி நேரும். அவனுக்கும் செவிப் பரிசோதனை வேண்டும். இன்னொரு எச்சரிக்கை: சில குழந்தைகளுக்குக் கழுத்தெலும்பு இணைப்பு தளர்ந்திருக்கலாம். மருத்துவர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை விளையாட்டு வேளையில் குட்டிக்கரணம் போட விடாதீர்கள்.

எந்த வேலையைக் கற்பித்தாலும் சிறு சிறு படிகளாக உடையுங்கள். சட்டைப் பொத்தான் போடுவது நமக்கு ஒரே செயல். அவனுக்கு ஐந்தாறு செயல்கள். கடைசிப் படியிலிருந்து கற்பிப்பது என் வழக்கம். பொத்தானைத் துளைக்குள் பாதி நுழைத்து வைத்துவிட்டு, மறுபக்கம் இழுப்பதை மட்டும் அவனிடம் விடுங்கள். வேலையை முடித்த சந்தோஷம் முதல் நாளே அவனுக்குக் கிடைக்கும். பிறகு ஒவ்வொரு படியாகப் பின்னோக்கிப் போகலாம்.

இப்போது எழுத்து வேலை. அமெரிக்காவில் 1975-இல் வந்த கல்விச் சட்டம், குறைபாடுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் தனியாக ஒரு கல்வித் திட்டம் எழுத வேண்டும் என்றது. அந்தப் பழக்கம் உலகெங்கும் பரவி நம் பள்ளிகளுக்கும் வந்திருக்கிறது. தனிநபர் கல்வித் திட்டம் என்ற பெயரில் ஒரு கோப்பு உங்கள் பள்ளி அலமாரியிலும் இருக்கக்கூடும். எடுத்துப் பாருங்கள். "கணக்கில் முன்னேற்றம் காண்பான்" என்று எழுதியிருந்தால் அது யாருக்கும் பயன்படாது. "டிசம்பருக்குள், நான்கு பேர் முன்னால் நான்கு தட்டுகளை, உதவியின்றி, ஐந்து முறைக்கு நான்கு முறை சரியாக வைப்பான்" என்று எழுதினால் அது திட்டம். டிசம்பரில் நடந்ததா இல்லையா என்று யாரும் வந்து பார்க்கலாம். நடக்கவில்லை என்றால் மாற வேண்டியது நம் முறை. மூன்று குழந்தைகளுக்கும் இரண்டிரண்டு இலக்கு போதும். பெற்றோரைப் பக்கத்தில் உட்கார வைத்து எழுதுங்கள். தட்டுக் கதையை எனக்குச் சொன்னவர் ஓர் அம்மாதான்.

இனி அந்தப் பெற்றோரின் கேள்வி. சிறப்புப் பள்ளிகளைப் பற்றி எனக்குத் தாழ்வான எண்ணம் கிடையாது. பாளையங்கோட்டையில் ஃப்ளாரன்ஸ் ஸ்வெயின்சன் 1895-இல் காதுகேளாதோருக்குப் பள்ளி தொடங்கியபோது அந்தப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள வேறு பள்ளி ஏது? இன்றும், சைகை மொழியையே தாய்மொழியாகக் கொண்ட குழந்தைக்குத் தன்னைப் போல் கைகளால் பேசும் நண்பர்கள் சூழ்ந்த பள்ளி பெரிய வரம். பல குறைபாடுகள் சேர்ந்து கடுமையாக உள்ள குழந்தைக்குச் சிறப்பு மையமோ வீடு சார்ந்த கல்வியோ தேவைப்படலாம். சட்டமும் அதற்கு இடம் வைத்திருக்கிறது. 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடு உள்ள 6 முதல் 18 வயதுக் குழந்தைக்கு அருகமைப் பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ கட்டணமின்றிப் படிக்கும் உரிமையை 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு தருகிறது. தேர்ந்தெடுக்கும் உரிமை அந்தக் குழந்தைக்கும் அதன் குடும்பத்துக்கும் உரியது. வகுப்புக்குத் தொந்தரவு என்று பக்கத்துப் பெஞ்சுக் குழந்தையின் தந்தை தேர்ந்தெடுக்க முடியாது. இதைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தலைமையாசிரியர் வாயால் சொல்ல வையுங்கள்; நீங்கள் தனியாகச் சுமக்க வேண்டாம்.

அவருடைய கவலையைத் தள்ளிவிடவும் வேண்டாம். தன் பிள்ளை படிக்க வேண்டும் என்று நினைப்பது தவறில்லை. ஒருநாள் வகுப்புக்கு வந்து பார்க்கச் சொல்லுங்கள். பையனுக்காக நீங்கள் செய்த ஒலிப் பயிற்சியால் எழுத்துப் பிழை குறையும் பிள்ளைகள் வகுப்பில் ஏழெட்டுப் பேராவது இருப்பார்கள். சிறுமிக்காகக் கரும்பலகையில் எழுதும் சொற்களை எல்லாரும்தான் படிக்கிறார்கள். ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். கெட்டிக்கார மாணவி ஒருத்தியை மூவருக்கும் நிரந்தரத் துணையாக நியமித்துவிடாதீர்கள். அவளுடைய படிப்பு கெடும். இந்தப் பிள்ளைகளும் தோழியைப் பெறாமல் இன்னொரு டீச்சரைத்தான் பெறுவார்கள். வாரம் ஒருவராக மாற்றுங்கள்.

சில நாள் அப்படித் தோன்றியதற்காக வெட்கப்படுவதாக எழுதியிருந்தீர்கள். இரண்டு வகுப்புகளைத் தனியாகச் சமாளிப்பவருக்குக் களைப்பில் தோன்றும் எண்ணம் அது. அந்தக் களைப்புக்குக் காரணம் நீங்கள் இல்லை. தொடக்க நிலையில் இத்தகைய குழந்தைகள் பத்துப் பேருக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேற்பட்ட வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தை 2021-இல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. உங்களுக்கு வாய்த்திருப்பவர் வாரத்தில் ஒருநாள் வருபவர். அவரும் எத்தனையோ பள்ளிகளுக்கு பஸ் மாறி மாறிப் போகிறவர். அவர் வராத புதன்கிழமைகளைத் தேதியோடு குறித்து வையுங்கள். அவர் மீது புகார் எழுதுவதற்காக இல்லை. கூடுதல் பணியிடம் கேட்டுப் பள்ளி எழுதும் கடிதத்தில் அந்தத் தேதிகள்தான் பேசும்.

அடுத்த புதன்கிழமை அவர் வரும்போது, மூன்று பிள்ளைகளையும் வராந்தாவுக்கு அழைத்துப் போக வேண்டாம் என்று சொல்லுங்கள். உங்கள் தமிழ்ப் பாடவேளையில் வகுப்பிலேயே உட்காரட்டும். பாடம் எந்தக் குழந்தையிடம் எந்த இடத்தில் நின்றது என்று ஒரு தாளில் குறிக்கட்டும். மதிய உணவுக்குப் பிறகு இருவரும் அந்தத் தாளை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் பேசுங்கள். ஆறு ஒலிச் சோதனையையும் அன்றைக்கே உங்கள் முன் ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள். அவருக்கு அது தெரிந்திருக்கும்.

வண்ணத்தாள்களைத் தூக்கிப் போட வேண்டாம். ஓவிய வேளையில் 31 பேருக்கும் கொடுங்கள்.